அரியலூரில் காசினோ திறக்க முடியுமா? சூதாட்டக் கூடம் எங்கே வரலாம் என்று முடிவு செய்வது யார்?

கோவாவுக்குச் சுற்றுலா போய் வந்தவர்கள் மாண்டவி நதியில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் காசினோ கப்பல்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதைப் பார்த்ததும் எழும் கேள்வி: "அங்க அரசாங்கமே லைசென்ஸ் கொடுக்குது. இங்க மரத்தடியில காசு வெச்சு சீட்டாடுனா போலீஸ் பிடிக்குது. அது எப்படிங்க?"

கேள்வி நியாயமானதுதான். ஒரே நாடு, ஒரே அரசமைப்புச் சட்டம். பனாஜியில் அனுமதி, ஜெயங்கொண்டத்தில் கைது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, ஒரு ஊருக்குக் காசினோ வரலாமா என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், அந்த ஊரில் குடியிருப்பவர்களிடம் யாராவது கேட்கிறார்களா என்பதைப் பார்ப்போம். மூன்றாவது கேள்வி காசினோவே இல்லாத அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்கும் பொருந்துகிறது. டாஸ்மாக் கடை எங்கே வைப்பது என்ற பிரச்சினையில் இதே கேள்வியை இங்குள்ள மக்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சுருக்கமான பதில்

அரியலூரில் காசினோ திறக்க முடியாது. தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் முடியாது. இதற்குக் காரணம் மத்திய அரசின் தடை இல்லை. தமிழ்நாடு சட்டமன்றம் அனுமதி கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நாளைக்கே சட்டமன்றம் மனம் மாறி ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தால், தமிழ்நாட்டிலும் காசினோ வரலாம். அப்படி வந்தால், எந்த ஊரில் என்பதைச் சொல்லும் அதிகாரமும் பெரும்பாலும் கோட்டையிடமே இருக்கும். நகராட்சியோ ஊராட்சியோ தானாக முடிவெடுத்து அனுமதிக்கவும் முடியாது. தனியாக நின்று தடுப்பதும் எளிதாக இருக்காது.

ஏன் மாநில அரசிடம் இந்த அதிகாரம்?

அரசமைப்புச் சட்டத்தின் 7-வது அட்டவணை எந்த விஷயத்தில் யார் சட்டம் இயற்றலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறது. அதில் மாநிலப் பட்டியலின் 34-வது இனம் 'பந்தயமும் சூதாட்டமும்'. ஆகவே காசினோ, சீட்டாட்டம், பந்தயம் எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. அரசே நடத்தும் லாட்டரி மட்டும் மத்தியப் பட்டியலின் 40-வது இனத்தில் இருக்கிறது. அதிலும் 1998-ம் ஆண்டு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், மற்ற மாநில லாட்டரிகளைத் தன் எல்லைக்குள் தடை செய்யும் உரிமையை மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. "தொழில் செய்வது என் அடிப்படை உரிமை" என்று காசினோ முதலாளி நீதிமன்றம் போக முடியாதா? 1957-ல் சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. சூதாட்டம் என்பது அரசமைப்புச் சட்டம் பாதுகாக்கும் வியாபாரம் ஆகாது என்பது அந்தத் தீர்ப்பு. எனவே காசினோ யாருக்கும் உரிமை கிடையாது. அரசு விரும்பினால் தரும் சலுகை மட்டுமே.

அதே வழக்கில் நீதிமன்றம் இன்னொரு கோட்டையும் கிழித்தது. திறமையால் ஜெயிக்கும் விளையாட்டு வேறு, அதிர்ஷ்டத்தால் ஜெயிக்கும் விளையாட்டு வேறு. ரம்மியில் திறமையின் பங்கு அதிகம் என்று ஆந்திரப் பிரதேச அரசு தொடர்ந்த சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குதிரைப் பந்தயமும் திறமை விளையாட்டே என்று 1996-ல் சென்னை குதிரைப் பந்தயச் சங்கம் சம்பந்தப்பட்ட வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆனால் காசினோவின் அடையாளமான ரூலெட் சக்கரம், ஸ்லாட் இயந்திரம் போன்றவற்றில் திறமைக்கு வேலையே இல்லை. ஆகவே அவை மாநிலத்தின் தயவில்தான் இயங்க முடியும்.

தமிழ்நாடு: ஒவ்வொன்றாக மூடிய கதவுகள்

தமிழ்நாட்டில் இன்று நடைமுறையில் இருக்கும் அடிப்படைச் சட்டம் 1930-ம் ஆண்டு சூதாட்டத் தடுப்புச் சட்டம். ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்துக்காக எழுதப்பட்டது. சென்னை நகரத்துக்கு மட்டும் 1888-ம் ஆண்டு நகர காவல் சட்டம் தனியாக இருக்கிறது. கட்டணம் வாங்கியோ லாபம் பார்த்தோ மற்றவர்களைச் சூதாட வைக்கும் இடத்தை இந்தச் சட்டங்கள் 'பொதுச் சூதாட்டக் கூடம்' என்கின்றன. அதை நடத்துவது குற்றம், அங்கே இருப்பதும் குற்றம். காசினோ என்ற வார்த்தை சட்டத்தில் இல்லாவிட்டாலும், காசினோ இந்த விளக்கத்துக்குள் அப்படியே அடங்கிவிடும்.

பிறகு வந்த அரசுகள், கட்சி எதுவானாலும், இதே திசையில்தான் போயின. 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. மேலே சொன்ன 1996 தீர்ப்பு அதைச் செல்லாததாக்கியது. 2003 ஜனவரியில் லாட்டரிச் சீட்டு தடை செய்யப்பட்டது. பேருந்து நிலையத்தில் மேஜை போட்டு லாட்டரி விற்ற கடைகள் மறைந்தன. ஆனால் 'மூணு நம்பர் லாட்டரி' என்ற பெயரில் துண்டுச் சீட்டிலும், இப்போது செல்போனிலும் அது தொடர்கிறது என்பதைக் காவல் துறையின் கைதுச் செய்திகளே காட்டுகின்றன.

அடுத்து வந்தது ஆன்லைன். 2021-ல் கொண்டுவந்த திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ரத்து செய்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022 அக்டோபரில் சட்டமன்றம் புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் 2023 மார்ச்சில் அதைத் திருப்பி அனுப்பினார். சட்டமன்றத்துக்கு இந்த அதிகாரம் இருக்கிறதா என்பதே அங்கு எழுந்த கேள்வி. அதாவது, அதே 34-வது இனம் பற்றிய சண்டைதான். சட்டமன்றம் மார்ச் 23 அன்று மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ஆனால் ரம்மி, போக்கர் இரண்டையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராகச் சட்டம் நிறைவேற்றியது.

செல்போனுக்கு ஊர் எல்லை கிடையாது. அதனால் அங்கே மத்திய, மாநில அரசுகளுக்கு இடையே அதிகாரப் போட்டி. காசினோ ஒரு கட்டடத்திலோ கப்பலிலோ இருந்தாக வேண்டும். அதனால் அதில் 'எந்த இடம்' என்பதுதான் முழுக் கதையும்.

கோவா: நதியில் நிற்கும் கப்பல்கள்

இந்தியாவில் சட்டப்படி காசினோ இயங்கும் மாநிலங்கள் இரண்டு: கோவா, சிக்கிம். இதில் கோவாவின் கதையைத் தெரிந்துகொண்டால் இடம் எப்படி முடிவாகிறது என்பது புரிந்துவிடும்.

கோவாவின் சட்டம் 1976-ல் வந்தது. அப்போது கோவா, டாமன், டையூ மூன்றும் சேர்ந்த யூனியன் பிரதேசம். சட்டத்தின் நோக்கம் சூதாட்டத்தைத் தடுப்பது. நம்முடைய 1930 சட்டம் போலத்தான். கோவா தனி மாநிலம் ஆனது 1987-ல். 1992-ல் அந்தச் சட்டத்தில் 13ஏ என்ற ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் மின்னணு விளையாட்டு இயந்திரங்களுக்கு அரசு அனுமதி தரலாம் என்றது அது. 1996-ல் அதே பிரிவை விரித்து, அரசு அறிவிக்கும் கடல் கப்பல்களில் மேஜை விளையாட்டுகளையும் நடத்தலாம் என்றார்கள்.

கவனிக்க வேண்டியது இங்கேதான். தடைச் சட்டம் அப்படியே இருக்கிறது. அதில் ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருக்கிறது. அந்த ஜன்னலின் அளவுதான் இடத்தைத் தீர்மானித்தது. கரையில் என்றால் ஐந்து நட்சத்திர ஓட்டல், அதுவும் இயந்திர விளையாட்டு மட்டும். ஆள் உட்கார்ந்து சீட்டுப் போடும் மேஜை வேண்டுமானால் கப்பலுக்குத்தான் போக வேண்டும். காசினோ நடத்துகிறவர்கள் கப்பல் வாங்கியது கடல்மேல் ஆசைப்பட்டு இல்லை. சட்டம் காட்டிய வழி அது.

கப்பல் எங்கே நிற்பது? சட்டம் சொல்வது கடல். ஆனால் கப்பல்கள் நங்கூரமிட்டது பனாஜி நகரை ஒட்டி ஓடும் மாண்டவி நதியில். கடலில் நின்றால் மழைக்காலத்தில் அலை அதிகம், வாடிக்கையாளர் போய் வருவதும் கஷ்டம். நதியில் நின்றால் சின்னப் படகில் ஐந்து நிமிடத்தில் ஏறிவிடலாம். இப்படித்தான் தலைநகரத்தின் முன்வாசலில் காசினோக்கள் வந்து சேர்ந்தன.

நகர மக்களுக்கு இது பெரிய தலைவலி ஆனது. படகுத்துறைகள் இருக்கும் தயானந்த் பந்தோட்கர் சாலையில் இரவு முழுக்க வாகன நெரிசல், வண்டி நிறுத்த இடமில்லை, நதி மாசு பற்றிய புகார். மாண்டவியிலிருந்து கப்பல்களை அப்புறப்படுத்துவோம் என்ற வாக்குறுதி ஒவ்வொரு தேர்தலிலும் வந்தது. மோபா விமான நிலையப் பக்கம் தனியாக ஒரு பொழுதுபோக்கு மண்டலம் அமைத்து அங்கே மாற்றலாம் என்றும் பேசப்பட்டது. எதிர்க்கட்சியாக இருந்தபோது எதிர்த்தவர்கள் ஆளுங்கட்சி ஆனதும் உரிமத்தைப் புதுப்பித்தார்கள். உரிமக் கட்டணம், வரி என்று வரும் பணத்தை விட்டுக்கொடுக்க எந்த அரசுக்கும் மனம் வரவில்லை.

பனாஜி மாநகராட்சிக்கு என்ன அதிகாரம்? காசினோ உரிமம் தருவது மாநில அரசு. நதியும் துறைமுகமும் மாநில அரசின் துறைமுகத் தலைவர் துறையின் கீழ். கரையில் இருக்கும் அலுவலகம், டிக்கெட் கவுன்ட்டர், குப்பை, வண்டி நிறுத்தம் இவைதான் மாநகராட்சியின் கையில். கப்பலை நிறுத்தும் முடிவில் ஊருக்குப் பங்கு சின்னது. கப்பல் நிற்பதால் வரும் நெரிசலில் ஊருக்குப் பங்கு பெரியது.

மக்கள் எதிர்ப்பைச் சமாளிக்கக் கோவா அரசு இன்னொரு வழி கண்டுபிடித்தது. 2020 பிப்ரவரி 1 முதல் கோவா வாசிகள் காசினோவில் விளையாடத் தடை. வெளியூர்க்காரர் ஆடலாம், உள்ளூர்க்காரர் ஆடக் கூடாது. 21 வயது நிரம்பாதவர்களுக்கும் அனுமதி இல்லை. இந்தத் தடையில் ஒரு ஒப்புதல் அடங்கியிருக்கிறது. காசினோவால் குடும்பங்கள் நஷ்டப்படும் என்பது அரசுக்குத் தெரியும். அந்த நஷ்டம் தன் வாக்காளர் வீட்டுக்கு வர வேண்டாம் என்று நினைக்கிறது. அப்படியானால் அந்த நஷ்டம் யார் வீட்டுக்குப் போகிறது? சுற்றுலா போகும் மற்ற மாநிலத்தவர் வீட்டுக்கு. அதில் தமிழ்நாட்டு வீடுகளும் உண்டு.

மற்ற மாநிலங்கள் எப்படி முடிவெடுத்தன?

சிக்கிம் 2002-ல் காசினோக்களுக்கென்றே தனிச் சட்டம் போட்டது. முதல் காசினோ 2009-ல் காங்டாக்கில் ஓட்டல் ஒன்றில் திறக்கப்பட்டது. அங்கும் ஐந்து நட்சத்திர ஓட்டல் நிபந்தனை. இந்த நிபந்தனை எளிமையானதாகத் தெரிந்தாலும் வேலை செய்யும் விதம் சாமர்த்தியமானது. இந்த ஊர் வேண்டும், அந்த ஊர் வேண்டாம் என்று அரசு பட்டியல் போட வேண்டியதில்லை. பெரிய ஓட்டல் இல்லாத ஊர்கள் எல்லாம் தானாகவே விலகிவிடும்.

மேகாலயா 2021-ல் சூதாட்ட ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. அசாம் எல்லைப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் காசினோ, உள்ளூர் மக்களுக்கு அனுமதி கிடையாது என்று அரசு சொல்லிப் பார்த்தது. தேவாலயங்களும் உள்ளூர் அமைப்புகளும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த தேர்தல் நெருங்கிய நேரத்தில், 2022 கடைசியில், அரசு பின்வாங்கியது. உள்ளாட்சிக்குச் சட்ட அதிகாரம் இல்லாத இடத்திலும் மக்கள் அழுத்தம் ஒரு சட்டத்தையே திரும்பப் பெற வைத்தது என்பதற்கு இது உதாரணம்.

மகாராஷ்டிரா கதை வேறு. 1976-லேயே காசினோ சட்டம் நிறைவேறியது. ஆனால் அதை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிப்பை எந்த அரசும் வெளியிடவில்லை. 47 வருடம் காகிதத்தில் கிடந்த சட்டத்தை 2023-ல் அரசே கைவிட்டது.

கப்பலில் வந்தால்?

காசினோ பற்றிய சச்சரவு நமக்குப் பக்கத்திலும் வந்திருக்கிறது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஒரு சொகுசுக் கப்பல் சேவை தொடங்கியது. அது புதுச்சேரியில் நிற்பதாகத் திட்டம். கப்பலில் காசினோ இருக்கிறது, கலாச்சாரச் சீரழிவு என்று புதுச்சேரியில் எதிர்ப்பு கிளம்பியது. அனுமதி கிடைக்காததால் அப்போது கப்பல் அங்கே நிற்கவில்லை.

இத்தகைய கப்பல்கள் சொல்லும் வாதம் இதுதான்: கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டிய பிறகே காசினோவைத் திறப்போம், கரைக்கு வரும்போது பூட்டிவிடுவோம். 12 கடல் மைல் என்பது இந்தியாவின் எல்லைக் கடல். ஆக, சூதாட்டத்துக்கு மாநிலம் கதவை மூடினாலும், மாநிலத்தின் துறைமுகத்தில் ஆள் ஏறுவதை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அங்கே சூதாட்டச் சட்டம் முடிந்து, துறைமுக அனுமதி தொடங்குகிறது.

வெளிநாடுகளில் ஊர் மக்களைக் கேட்கிறார்களா?

சில இடங்களில் கேட்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1976-ல் வாக்கெடுப்பு நடத்தித்தான் அட்லான்டிக் சிட்டி என்ற ஒரே ஊரில் காசினோ அனுமதிக்கப்பட்டது. 40 வருடம் கழித்து, 2016-ல், மாநிலத்தின் வடபகுதியிலும் திறக்கலாமா என்று மறுபடி வாக்கெடுப்பு வைத்தார்கள். மக்கள் பெரும்பான்மையாக வேண்டாம் என்றார்கள். திட்டம் அத்தோடு நின்றது.

பென்சில்வேனியா 2017-ல் சிறு காசினோக்களை அனுமதித்தபோது உள்ளாட்சிகளுக்கு ஒரு தேதி கொடுத்தது. எங்கள் ஊருக்கு வேண்டாம் என்று நினைத்தால் டிசம்பர் 31-க்குள் தீர்மானம் போட்டு அனுப்பலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் அப்படித் தீர்மானம் போட்டன. அந்த ஊர்களுக்குச் சிறு காசினோ போக முடியாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 2011 சட்டப்படி, காசினோ நிறுவனம் முதலில் அந்த ஊர் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். பிறகு ஊர் மக்கள் வாக்களித்து ஒத்துக்கொள்ள வேண்டும்.

நம் மாவட்டங்களிலிருந்து நிறையப் பேர் வேலைக்குப் போகும் சிங்கப்பூர் வேறு பாதையில் போனது. 2005 ஏப்ரலில் அரசு முடிவெடுத்தது; 2010-ல் இரண்டு காசினோக்கள் திறக்கப்பட்டன. வாக்கெடுப்பு நடக்கவில்லை. அதற்குப் பதிலாக, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழைய ஒரு நாளைக்கு 100 சிங்கப்பூர் டாலர் கட்டணம் வைத்தார்கள். 2019-ல் அது 150 ஆனது. இந்தக் கட்டணம் வெளிநாட்டவருக்கு இல்லை. ஒருவர் தன்னையே தடை செய்யச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்தினரும் அவரைத் தடை செய்யக் கேட்கலாம். நம் ஊரில் காசு வைத்து ஆடி நிலத்தை அடமானம் வைத்தவர் வீட்டில், மனைவிக்கு இப்படி ஒரு மனு கொடுக்க எந்த அலுவலகமும் கிடையாது.

இலங்கையில் 2010-ம் ஆண்டு காசினோ ஒழுங்குமுறைச் சட்டம், காசினோ எந்தப் பகுதியில் நடக்கலாம் என்று குறிக்கும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்தது. 2025-ல் சூதாட்டத்தை மேற்பார்வையிடத் தனி ஆணையமும் சட்டத்தின் மூலம் வந்தது.

அரியலூர் நகராட்சிக்கும் ஊராட்சிகளுக்கும் என்ன அதிகாரம்?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தமிழ்நாடு சட்டமன்றம் கோவா மாதிரி ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டது. கங்கைகொண்ட சோழபுரம் வரும் சுற்றுலாப் பயணிகளைக் காட்டி ஒரு நிறுவனம் ஓட்டலும் காசினோவும் கட்ட மனு போடுகிறது. யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

காசினோ உரிமம் மாநில அரசின் உள்துறையிலோ சுற்றுலாத் துறையிலோ முடிவாகும். நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கும் கட்டட வரைபட ஒப்புதலுக்கும் 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. ஐந்து நட்சத்திரத் தகுதி தருவது மத்திய சுற்றுலா அமைச்சகம். சோழர் கோயில் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் என்பதால் அதைச் சுற்றிக் கட்டடம் கட்டத் தொல்லியல் சட்டத்தின் கட்டுப்பாடுகள் தனி. தொழில் உரிமம், சொத்து வரி, குடிநீர், குப்பை இவற்றோடுதான் ஊராட்சியோ நகராட்சியோ வருகிறது. கிராம சபை தீர்மானம் போடலாம். ஆனால் "கிராம சபை ஒத்துக்கொண்டால் மட்டுமே உரிமம்" என்று மாநிலச் சட்டம் எழுதியிருந்தால் தவிர, அந்தத் தீர்மானம் ஒரு கோரிக்கையாகவே நிற்கும்.

இது கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். டாஸ்மாக் கடைகள் விஷயத்தில் இதுதான் நிஜம்.

2003 நவம்பரில் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது. அந்த ஆண்டு வந்த சில்லறை விற்பனை விதிகள்தான் கடை எங்கே இருக்கலாம் என்று சொல்கின்றன. வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம் இவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று வகைப்படுத்திய இடங்களுக்கு இந்தத் தூரக் கணக்கு பொருந்தாது. கடை வந்த பிறகு கட்டிய கோயிலையோ பள்ளியையோ காட்டிக் கடையை எடுக்கச் சொல்லவும் முடியாது. வீடுகள், பேருந்து நிறுத்தம், பெண்கள் தண்ணீர் பிடிக்கும் குழாயடி ஆகியவற்றுக்கு இந்தத் தூர விதியில் இடமில்லை. கிராம சபையின் முன் ஒப்புதலும் கட்டாயம் இல்லை.

இடத்தை மேலிருந்து முடிவு செய்தால் என்ன ஆகும் என்பது 2017-ல் தெரிந்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 20,000 பேருக்கும் குறைவாக வாழும் உள்ளாட்சிகளில் அது 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. விபத்தைத் தடுக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் சாலையிலிருந்து எடுத்த கடைகளுக்கு மாற்று இடம் தேடியபோது, அவை ஊருக்குள்ளும் வயல் பக்கமும் நகர்ந்தன. அந்தக் கோடையில் மாநிலம் முழுக்கப் பெண்கள் கடைகளின் முன் உட்கார்ந்து போராடினார்கள். "ரோட்டுல இருந்ததைத் தூக்கி எங்க தெருவுல வெச்சா என்னங்க நியாயம்?" என்பதுதான் அன்று எல்லா ஊரிலும் எழுந்த கேள்வி. பிறகு 2023 ஜூன் 22 அன்று 500 கடைகளை மூடியதும் மாநில அரசின் முடிவே. எந்தக் கடை போகும், எந்தக் கடை இருக்கும் என்று ஊர்கள் வாக்களிக்கவில்லை.

வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது, அதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். மகாராஷ்டிராவில் ஒரு ஊரில் 25 சதவீதப் பெண் வாக்காளர்களோ மொத்த வாக்காளர்களோ மனுக் கொடுத்தால், மதுக் கடை வேண்டுமா என்று ரகசிய வாக்கெடுப்பு நடத்த விதி உண்டு. வாக்குச் சீட்டில் நிற்கும் பாட்டில், கவிழ்ந்த பாட்டில் என்று இரண்டு சின்னங்கள். பாதிக்கு மேல் வாக்காளர்கள் கவிழ்ந்த பாட்டிலுக்குப் போட்டால் கடையை மூட வேண்டும்.

கேரளத்தில் மதுக் கடைக்கு உள்ளாட்சியின் தடையின்மைச் சான்று தேவை என்ற விதி இருந்தது. 2017-ல் மாநில அரசு அவசரச் சட்டம் மூலம் அதை எடுத்துவிட்டது. மாநிலம் கொடுத்த அதிகாரத்தை மாநிலமே திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இது சாட்சி.

பணம் யாருக்கு?

காசினோக்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் பந்தயத்தின் முழு மதிப்பில் 28 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். ஜிஎஸ்டி மத்திய, மாநில அரசுகளுக்குப் பிரியும். உரிமக் கட்டணம் மாநிலத்துக்கு. ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலப் பட்டியலின் 62-வது இனம் மாறி, கேளிக்கை வரி உள்ளாட்சிகள் வசூலிப்பதாக மட்டும் சுருங்கியது. தமிழ்நாட்டில் 2017 சட்டப்படி உள்ளாட்சிகள் கேளிக்கை வரி வாங்குகின்றன. மதுவில் கலால் வரியும் மதிப்புக் கூட்டு வரியும் மாநிலத்துக்கே. கடை இருக்கும் ஊராட்சிக்கு அதிலிருந்து தனிப் பங்கு என்று எதுவும் வராது. காலி பாட்டில் பொறுக்கும் வேலைதான் வரும்.

காசினோவோ மதுக் கடையோ, இடத்தை முடிவு செய்யும் கையும் வருமானம் வாங்கும் கையும் ஒன்றாக இருக்கிறது. பக்கத்தில் குடியிருப்பவர் அந்தக் கணக்கில் இல்லை. சுற்றுலா, வேலைவாய்ப்பு என்று காசினோ ஆதரவாளர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. கோவாவில் ஆயிரக்கணக்கானோர் இந்தத் தொழிலை நம்பி இருக்கிறார்கள். அந்த நன்மை தங்கள் ஊருக்குப் போதுமா என்று எடைபோடும் வாய்ப்பு அந்த ஊருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே பிரச்சினையின் மையம்.

ஊர் மக்கள் என்ன செய்யலாம்?

கிராம சபை ஆண்டுக்கு 6 நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மதுக் கடை, மனமகிழ் மன்றம், சூதாட்டம் நடக்கும் இடம் எதுவானாலும், அங்கே தீர்மானம் போட்டுப் பதிவேட்டில் ஏற்றச் செய்யலாம். தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாமல் போகலாம். ஆனால் ஊர் எதிர்த்தது என்பதற்கு நீதிமன்றத்தில் காட்டக்கூடிய ஆவணம் அதுதான். வாய்ப் பேச்சுக்கு அந்த மதிப்பு கிடையாது.

தூர விதி மீறப்பட்டிருந்தால் மீட்டர் கணக்கோடு, பள்ளி அல்லது கோயில் கடைக்கு முன்பே இருந்தது என்ற சான்றோடு, திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுக் கொடுத்து ரசீது வாங்கி வைக்கலாம். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றம் போக அந்த ரசீது உதவும்.

அதற்கு மேல் வேண்டுமானால், விதியைத்தான் மாற்ற வேண்டும். மகாராஷ்டிரா மாதிரி வாக்கெடுப்போ, பென்சில்வேனியா மாதிரி 'எங்கள் ஊருக்கு வேண்டாம்' உரிமையோ தமிழ்நாட்டு விதிகளில் எழுதப்பட வேண்டும். எழுத வேண்டிய இடம் சட்டமன்றம். அரியலூர், ஜெயங்கொண்டம், பெரம்பலூர், குன்னம் தொகுதிகளில் அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், "கடையை மூடுவீங்களா?" என்பதோடு, "மூடுறதா வேண்டாமான்னு முடிவு பண்ற அதிகாரத்தை எங்க கிராம சபைக்குக் கொடுப்பீங்களா?" என்றும் கேட்கலாம். முதல் கேள்விக்கான பதில் ஒரு கடையோடு முடிந்துவிடும். இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில் நாளை காசினோ வந்தாலும் உதவும்.